காற்றின் ஈரமும் காரின் பிரேக்கும்

மோட்டார் வண்டி ஓடுவதற்கு எஞ்சின் வேண்டும். நிற்பதற்குப் பிரேக் வேண்டும். ஓடாத வண்டியால் நமக்கு நேரும் இழப்பு ஒரு பயணம். நிற்காத வண்டியால் நேரும் இழப்பு உயிர். இவ்வுண்மையை அறியாதார் இலர். எனினும், எஞ்சின் எண்ணெயைக் காலந்தவறாது மாற்றும் பலர், பிரேக் குழாய்களுக்குள் இருக்கும் எண்ணெயை வண்டி வாங்கிய நாள்முதல் ஒருமுறையேனும் மாற்றியதில்லை. அது ஒழுகவில்லை, குறையவில்லை, ஆகவே கெடவுமில்லை என்பது அவர்தம் எண்ணம்.

ஒழுகாமலும் குறையாமலும் கெடக்கூடிய பொருள் அது. மழைக்காலத்தில் அடுக்களையில் மூடாது வைத்த உப்பு தானே கசிந்து ஈரமாவதை நாம் பார்த்திருக்கிறோம். உப்பின்மேல் எவரும் நீர் தெளிக்கவில்லை. காற்றில் உள்ள ஈரத்தை அதுவே ஈர்த்துக் கொண்டது. இன்று பெரும்பாலான கார்களில் உள்ள பிரேக் எண்ணெயும் அத்தகைய இயல்புடையதே. வண்டி ஓடினாலும் நின்றாலும், பகலிலும் இரவிலும், அது ஈரத்தைப் பருகிக் கொண்டே இருக்கிறது.

அவ்வாறாயின், உயிரைக் காக்கும் ஓர் உறுப்புக்குள் ஈரம் பருகும் திரவத்தை அறிஞர்கள் ஏன் ஊற்றினர்? அறியாமையால் அன்று. வேண்டுமென்றே ஊற்றினர். இதன் காரணத்தை அறிய நூறாண்டு வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

திரவத்தின் வல்லமை

மூடிய கலத்துள் இருக்கும் திரவத்தின்மீது ஓரிடத்தில் செலுத்தப்படும் அழுத்தம், குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பதை விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் பிளேய்ஸ் பாஸ்கல். 1662-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். திரவங்களின் சமநிலை பற்றி அவர் எழுதிய நூல் அதற்கு அடுத்த ஆண்டில் வெளிவந்தது. இத்தத்துவத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்தியவர் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா. 1795-இல் அவர் நீரழுத்த எந்திரத்திற்கு உரிமம் பெற்றார். சிறு குழாயில் ஒருவன் கையால் செலுத்தும் விசை, பெருங்குழாயில் பன்மடங்காகப் பெருகிப் பெரும் பாரத்தை உயர்த்தியது.

மோட்டார் காருக்கு இத்தத்துவம் வந்து சேர மேலும் நூறாண்டுக்கு மேலாயிற்று. தொடக்க காலக் கார்களின் பிரேக்குகள் இரும்புத் தண்டுகளாலும் கம்பிகளாலும் இயங்கின. நான்கு சக்கரங்களுக்கும் நான்கு கம்பிகளை இழுத்து, நான்கும் ஒரே வேளையில் ஒரே அளவில் பிடிக்குமாறு செய்தல் எளிதன்று. ஒரு கம்பி சற்றுத் தளர்ந்தாலும் வண்டி ஒருபக்கமாக இழுத்துச் செல்லும். திரவத்திற்கோ இக்குறை இல்லை. பாஸ்கல் கூறியவாறு, அது நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அழுத்தத்தைக் கொண்டு செல்லும்.

இதனை நடைமுறைக்குக் கொணர்ந்தவர் அமெரிக்கரான மால்கம் லோக்ஹெட் என்பவர். தம் பெயரை மக்கள் தவறாக உச்சரிப்பதைக் கண்டு, 'லாக்ஹீட்' என எழுத்தை மாற்றிக் கொண்டவர். இவரும் இவர் தம்பி ஆலனும் 1913-இல் தாங்களே கட்டிய கடல் விமானத்தைச் சான் பிரான்சிஸ்கோவில் பறக்கவிட்டவர்கள். தம்பி விமானத் தொழிலில் நிலைத்தார். அண்ணன் காருக்குத் திரும்பினார். 1917-இல் மால்கம் திரவ பிரேக்குக்கு உரிமம் பெற்றார்.

1921-ஆம் ஆண்டு ஜூலையில் பிரான்சின் லே மான் நகரில் நடந்த பிரெஞ்சுப் பெரும்போட்டியில், அமெரிக்கரான ஜிம்மி மர்ஃபி ஓட்டிய டூசன்பர்க் கார் வென்றது. அக்காரின் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்குகள் இருந்தன. பிறர் வளைவுக்கு நெடுந்தொலைவு முன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்க, மர்ஃபியால் வளைவை நெருங்கிய பின் பிரேக்கை அழுத்த முடிந்தது. அதே ஆண்டில் டூசன்பர்க் நிறுவனம் பொதுமக்கள் வாங்கும் காரிலும் இந்த பிரேக்கைப் பொருத்தியது.

தோல் போய் ரப்பர் வந்தது

அரிய கண்டுபிடிப்பாயினும் அதில் ஒரு பெருங்குறை இருந்தது. லாக்ஹீட் தம் குழாய்களின் பிஸ்டன்களுக்குத் தோலால் ஆன அடைப்பான்களைப் பயன்படுத்தினார். தோல் காய்ந்தால் சுருங்கும். சுருங்கினால் திரவம் ஒழுகும். வால்டர் கிரைஸ்லரின் பொறியியலாளர்கள் தோலை நீக்கி ரப்பர் அடைப்பான்களை அமைத்தனர். 1924-இல் வெளிவந்த முதல் கிரைஸ்லர் கார் நான்கு சக்கரங்களிலும் இத்திருந்திய பிரேக்குடன் சந்தைக்கு வந்தது. நடுத்தர விலைக் காருக்குத் திரவ பிரேக் கிட்டியது அப்போதுதான். ஆயினும் எல்லோரும் உடனே ஏற்றுக் கொள்ளவில்லை. குழாய் உடைந்தால் என்னாகும் என்ற ஐயம் பலரிடம் இருந்தது. செவ்ரலே 1936-இலும், ஃபோர்டு 1939-ஆம் ஆண்டுக் கார்களிலுமே திரவ பிரேக்குக்கு மாறின.

ரப்பர் வந்ததும் புதியதொரு சிக்கல் எழுந்தது. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் கனிம எண்ணெயில் இயற்கை ரப்பர் ஊறிப் பருத்து உருக்குலையும். ஆகவே எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெயை பிரேக்குக்கு ஊற்ற இயலாது. ரப்பருக்குத் தீங்கு செய்யாத எண்ணெய் எது? இங்கேதான் நமக்கு நன்கு தெரிந்த ஒரு பொருள் வரலாற்றில் நுழைகிறது. அது விளக்கெண்ணெய்.

ஆமணக்கு விதையிலிருந்து வரும் விளக்கெண்ணெய் ரப்பரைக் கெடுப்பதில்லை, வழுவழுப்பும் உடையது. ஆனால் மிகக் கெட்டியானது; குளிரில் இன்னும் கெட்டியாகும். மற்றத் தாவர எண்ணெய்களுக்கு இல்லாத ஓர் இயல்பு இதற்கு உண்டு. அது ஆல்கஹாலில் எளிதில் கரையும். ஆகவே விளக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்து பிரேக் எண்ணெய் செய்தனர். 'பிரேக் எண்ணெய்' என்னும் பெயர் முற்றிலும் பொருந்தியிருந்த காலம் அது.

எனினும் சாதாரண ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். வண்டிகள் கனமாகி, வேகம் மிகுந்து, மலைப்பாதைகள் பெருகியபோது இக்கலவை போதவில்லை. வேதியியல் தொழில் வளர்ந்து, கிளைக்கால், கிளைக்கால் ஈதர் முதலிய செயற்கைத் திரவங்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. அவை ரப்பரைக் கெடுக்கவில்லை, கடுங்குளிரில் உறையவில்லை, 200 டிகிரிக்கு மேலும் கொதியாமல் நின்றன. விளக்கெண்ணெய் மெல்ல விடைபெற்றது. இன்று நாம் எண்ணெய் என்று அழைப்பது உண்மையில் எண்ணெயன்று. நீரில் கலக்கும் ஒரு வேதித் திரவம்.

நன்மையும் தீமையும் ஓரிடத்தில்

நீரில் கலக்கும் என்று சொன்னோம். இதிலேதான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது.

எவ்வளவு நன்றாக மூடினாலும் பிரேக் அமைப்புக்குள் ஈரம் புகுந்தே தீரும். திரவக் கலத்தின் மூடியில் காற்றுக்குச் சிறு வழி உண்டு. சக்கரத்தருகே உள்ள ரப்பர்க் குழாய்களின் சுவர் வழியாகவும் ஈரம் மெல்ல ஊடுருவும். புகுந்த ஈரம் எங்கே போவது? திரவத்தோடு கலவாவிடில் அது துளித்துளியாகத் திரண்டு, தாழ்ந்த இடமான சக்கர உருளையில் போய்த் தங்கும். குளிர்நாட்டில் அது உறைந்து குழாயை அடைக்கும். வெப்பநாட்டில் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். பிரேக் சூடேறினால் 100 டிகிரியிலேயே கொதிக்கும். கிளைக்கால் திரவமோ அந்நீரைத் தன்னுள் கரைத்து எங்கும் பரப்பி விடுகிறது. ஓரிடத்தில் தங்கிப் பெருங்கேடு விளைக்கவிருந்த நீர், எல்லா இடத்திலும் பரவிச் சிறுகேடாக நிற்கிறது. ஈரம் பருகும் இயல்பு ஒரு காவலாகவே ஏற்றுக் கொள்ளப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

ஆனால் அந்தக் காவலுக்கு ஓர் எல்லை உண்டு. பருகும் நீர் மிகமிகத் திரவத்தின் கொதிநிலை இறங்குகிறது. அதுவும் படிப்படியாக அன்று. முதல் ஒன்றிரண்டு விழுக்காட்டு நீரே பெரும் இறக்கத்தை உண்டாக்கி விடுகிறது. அத்துடன், துருவைத் தடுக்கத் திரவத்தில் சேர்க்கப்பட்ட மருந்துகளும் நாளடைவில் செயலிழக்கின்றன.

கொதித்தால் என்ன நேரும்? திரவத்தை அழுத்திச் சுருக்க இயலாது. அதனால்தான் காலின் விசை சக்கரத்தை அடைகிறது. ஆவியையோ எளிதில் சுருக்கலாம். குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் தோன்றிவிட்டால், பெடலை அழுத்தும் விசை முழுவதும் அக்குமிழிகளைச் சுருக்குவதிலேயே செலவாகி விடும். பெடல் தரைவரை இறங்கும், வண்டி நிற்காது.

இதில் கொடுமை யாதெனில், இக்கேடு தன் சுவட்டை விட்டுச் செல்வதில்லை. நீண்ட மலையிறக்கத்தில் பிரேக்கை அழுத்திக் கொண்டே வந்த ஒருவர் அடிவாரத்தில் சற்று நிறுத்துகிறார் என்று கொள்வோம். ஓடும்போது சக்கரத்தைக் குளிர்வித்த காற்று இப்போது இல்லை. இரும்பில் சேர்ந்த வெப்பம் திரவத்தை நோக்கி ஏறுகிறது. சில நிமிடம் கழித்து அவர் வண்டியை எடுத்து, முதல் வளைவில் பெடலை அழுத்தும்போது அது தாழ்கிறது. விபத்து நேர்கிறது. வண்டியைப் பட்டறைக்கு இழுத்துச் சென்று சோதிக்கும்போதோ எல்லாம் குளிர்ந்துவிட்டது. ஆவி மீண்டும் திரவமாகிவிட்டது. பெடல் உறுதியாக நிற்கிறது. 'பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது' என்று பழுது பார்ப்பவர் கூறுவார். ஓட்டுநரின் சொல்லை எவர் நம்புவர்?

டிஸ்க் பிரேக்கும் ஒரு பிரெஞ்சுக் காரும்

1953-இல் லே மான் 24 மணி நேரப் போட்டியில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றது. 1955-இல் பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் தன் டி.எஸ். என்னும் காரின் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கை அமைத்துப் பேரளவில் விற்கத் தொடங்கியது. பழைய டிரம் பிரேக்கைவிட இது சிறந்தது. ஆயினும் இதில் சூடேறும் பகுதிக்கும் திரவத்துக்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு. ஆகவே திரவத்தின் கொதிநிலை முன்னிலும் முதன்மை பெற்றது.

அதே சிட்ரோயன் கார் நமக்கு வேறொரு பாடமும் புகட்டுகிறது. அதில் பிரேக் மட்டுமின்றி, ஸ்டீயரிங்கும், வண்டியைத் தாங்கும் அமைப்பும் ஒரே சிவப்பு நிறத் திரவத்தால் இயங்கின. அச்சிவப்புத் திரவம் ஈரம் பருகுவது. நுட்பமான உறுப்புகள் பலவற்றிலும் துரு ஏறித் தொல்லை மிகுந்தது. 1966-இல் அந்நிறுவனம் ஈரம் பருகாத பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறியது. அதற்கேற்ப அடைப்பான்கள் அனைத்தையும் வேறு வகை ரப்பரில் செய்ய வேண்டியதாயிற்று. சிவப்பையும் பச்சையையும் எவரேனும் மாற்றி ஊற்றிவிட்டால் அடைப்பான்கள் கெட்டுவிடும். அமெரிக்கச் சட்டம் அப்பச்சை எண்ணெயை ஏற்காமையால், அந்நாட்டுக்கு அனுப்பிய கார்களில் 1969 வரை சிவப்புத் திரவமே நீடித்தது.

சட்டம் பேசிய எண்

தரங்குறைந்த பிரேக் எண்ணெய் விற்பனையைத் தடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் 1962-இல் தனிச் சட்டம் இயற்றியது. வாணிக அமைச்சர் வகுக்கும் தரத்துக்கு உட்பட்ட எண்ணெயே விற்கப்பட வேண்டும் என்றது அச்சட்டம். பின்னர் 1966-இல் வந்த மோட்டார் வண்டிப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 116 என்ற எண்ணுள்ள தரவிதி 1968 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. 1972-இல் அது விரிவாகத் திருத்தப்பட்டது. இன்று உலகெங்கும் பிரேக் எண்ணெய்க் குப்பிகளில் நாம் காணும் 'டாட் 3', 'டாட் 4' என்னும் பெயர்கள் அவ்விதியிலிருந்து வந்தவை. 'டாட்' என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்.

அவ்விதியின் சிறப்பு, அது ஒவ்வொரு திரவத்துக்கும் இரண்டு கொதிநிலைகளைக் குறித்ததே. ஒன்று உலர் கொதிநிலை. புதிய திரவத்துக்கு உரியது. மற்றொன்று ஈரக் கொதிநிலை. ஒப்பீட்டுக்கென வைக்கப்பட்ட திரவம் 3.7 விழுக்காடு நீரை ஏற்கும் வரை, சோதிக்க வேண்டிய திரவத்தையும் அதனுடன் ஈரக் காற்றில் வைத்திருந்து, அதன் பின் அளப்பது இது. டாட் 3 திரவம் உலர்ந்த நிலையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும். ஈரமுற்ற நிலையில் 140 டிகிரி. டாட் 4 முறையே 230, 155. டாட் 5.1 முறையே 260, 180.

இவ்வெண்களைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். நூறு பங்கில் நான்கு பங்குக்கும் குறைந்த நீர், டாட் 3 திரவத்தின் எல்லையை 65 டிகிரி இறக்க இடந்தருகிறது; டாட் 4 திரவத்துக்கு 75 டிகிரி. ஈரம் புகாமல் தடுக்க முடியாது என்பதைச் சட்டமே ஒப்புக் கொண்டது. ஈரம் புகுந்த பின்னும் எவ்வளவு தாங்கும் என்பதையே அது கேட்டது. ஈரக் கொதிநிலையைக் குப்பியின்மேல் அச்சிட வேண்டும் என்றும், ஈரம் புகாதபடி இறுக மூடி வைக்குமாறு எச்சரிக்க வேண்டும் என்றும் விதித்தது. கடையில் குப்பியைத் திருப்பிப் பார்ப்போர் 284, 311, 356 என ஃபாரன்ஹீட் அளவில் அவ்வெண்களைக் காணலாம்.

பருகாத திரவம் வந்தும்

ஈரமே பருகாத திரவம் ஒன்று இருந்தால் நலமன்றோ என்று வாசகர்கள் கேட்கலாம். அதுவும் வந்தது. சிலிக்கோனால் ஆன அது 'டாட் 5' எனப் பெயர் பெற்றது. பிறவற்றோடு கலந்துவிடாதபடி ஊதா நிறம் ஊட்டப்பட்டது. அமெரிக்க இராணுவம் ஈரம் மிகுந்த பனாமாவிலும், பனி உறையும் அலாஸ்காவிலும், யூமா பாலையிலும் சோதித்துப் பார்த்து, 1980-களில் தன் வண்டிகளுக்கு அதனை ஏற்றுக் கொண்டது. ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கொட்டகையில் நிற்கும் இராணுவ வண்டிகளுக்கு அது ஏற்றதே.

ஆனால் பழைய சிக்கல் வேறு உருவில் திரும்பிற்று. சிலிக்கோன் பருகாத நீர் எங்கும் போய்விடவில்லை. தாழ்ந்த இடத்தில் தனியே திரண்டு நின்றது. மேலும் சிலிக்கோனில் காற்று கரைவதால் பெடல் சற்று மெத்தென்றிருக்கும். 1978-இல் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் அறிமுகப்படுத்திய சக்கரப் பூட்டுத் தடுப்பு முறை, அதாவது ஏ.பி.எஸ்., பரவிய பின்னர், பொதுமக்களின் கார்களுக்கு அது பொருந்தாது என்பது உறுதியாயிற்று. டாட் 5.1 என்பது டாட் 5-இன் உடன்பிறப்பு என்று மயங்குதல் கூடாது. 5.1 கிளைக்கால் வகை. 5 சிலிக்கோன் வகை. இரண்டையும் ஒருபோதும் கலத்தல் ஆகாது.

ஆக, தோலுக்குப் பதில் ரப்பர் வந்தது. ரப்பருக்காக விளக்கெண்ணெய் வந்தது. வெப்பத்துக்காகக் கிளைக்கால் வந்தது. ஒவ்வொரு மருந்தும் ஒரு புதிய நோயைக் கொணர்ந்தது. இறுதியில் எஞ்சிய நோய்க்கு மருந்து வேறொரு திரவம் அன்று. காலந்தோறும் திரவத்தை மாற்றுவதே.

எப்போது மாற்றுவது?

எஞ்சின் எண்ணெய்க்கு ஓடிய கிலோமீட்டர் கணக்கு. பிரேக் எண்ணெய்க்கு ஆண்டுக் கணக்கு. ஓடாத வண்டியிலும் ஈரம் புகும். 'கொஞ்சந்தானே ஓட்டினேன்' என்பது இங்குச் செல்லாது. கார் உற்பத்தியாளர் பலர் 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றனர். தத்தம் வண்டிக்குரிய கையேட்டில் உள்ள காலமே முடிவானது. ஆண்டு முழுவதும் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் சிங்கப்பூர் போன்ற இடத்தில் அக்காலத்தைத் தாண்ட விடாதிருப்பதே அறிவுடைமை. கேமரன் மலைக்கோ கெந்திங் மலைக்கோ குடும்பத்துடன் செல்ல எண்ணுவோர், புறப்படுமுன் கடைசியாக எண்ணெய் மாற்றிய நாளைப் பார்த்துக் கொள்வது நலம்.

நிறத்தைக் கண்டு முடிவு செய்தல் பிழை. ஈரம் நிறமற்றது; தெளிவாகத் தோன்றும் திரவத்திலும் அது மறைந்திருக்கும். நல்ல பட்டறைகளில் திரவத்தின் ஈரத்தையோ கொதிநிலையையோ அளக்கும் கருவி உண்டு; கொதிக்க வைத்துப் பார்க்கும் கருவியே கூடுதல் நம்பத்தக்கது. கலத்தில் அளவு குறைந்தால் மேலே சிறிது ஊற்றிவிட்டு மாற்றிவிட்டதாக எண்ணுதலும் பிழை. கேடுற்ற திரவம் சக்கரத்தருகில் அப்படியே இருக்கிறது. பழையது முழுவதும் வெளியேறும்படி நான்கு சக்கரங்களிலும் வடித்தெடுக்க வேண்டும். அளவு குறைவது பிரேக் கட்டைகள் தேய்ந்ததன் அறிகுறியாகவோ ஒழுக்கின் அறிகுறியாகவோ இருக்கலாம். ஆராயாமல் ஊற்றினால் அவ்வெச்சரிக்கை மறைந்துவிடும். திறந்து பாதி மிஞ்சிய குப்பியைப் பல மாதம் வைத்திருந்து ஊற்றுவது, ஈரத்தை விலைகொடுத்து வாங்கி ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

மலையிறங்கும்போது தாழ்ந்த கியரில் இறங்கி, பிரேக்குக்கு ஓய்வு கொடுத்தல் ஓட்டுநர் கடமை. பெடல் தாழ்வதாக உணர்ந்தால் விரைந்து பலமுறை மிதித்து, கியரைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, முற்றும் ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். ஆறியபின் பெடல் சரியாகிவிட்டதே என்று மகிழ்ந்து அதை மறந்துவிடுதல் கூடாது. அது குணமன்று, எச்சரிக்கை.

பாஸ்கல் கண்ட தத்துவம் பொய்த்ததில்லை. திரவம் திரவமாக இருக்கும்வரை, நம் காலின் விசையை அது குறையாமல் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும். அதைத் திரவமாகவே வைத்திருப்பது வண்டிக்கு உடையவரின் பொறுப்பு. நூறாண்டாகப் பல அறிஞர் உழைத்து அமைத்த காவலை, ஒரு குப்பித் திரவத்தின் விலைக்காக நாம் இழத்தல் தகுமோ?